மெக்கார்டில் நோய் இருந்தா வாக்கிங் ஆரம்பிக்கிறது எப்படி

இந்த நோய்ல தசைக்குள்ள கிளைக்கோஜன் (சேமிச்சு வச்ச சக்கரை) நிறையவே இருக்கும், ஆனா அதை உடைக்கிற என்சைம் இல்ல, சாவி தொலைஞ்ச பீரோல பணம் இருக்க மாதிரி தான், இந்த நோயைப் பத்தி பிரையன் மெக்கார்டில்ங்கிற டாக்டர் 1951ல முதல்ல எழுதுனாரு. அதனால எடுத்தவுடனே வேகம் வேணாம். ரொம்ப மெதுவா ஆரம்பிங்க, தொடை இறுக ஆரம்பிச்சதுமே நின்னுடுங்க, வலி அடங்குனதும் திரும்ப நடங்க, ஒரு 8-10 நிமிஷத்துல ரத்தத்துல இருந்து குளுக்கோஸும் கொழுப்பும் தசைக்கு நல்லா வந்து சேர்ந்து திடீர்னு கால் லேசாயிடும், இதுக்கு பேரு தான் செகண்ட் விண்ட். கிளம்புறதுக்கு 5 நிமிஷம் முன்னாடி சக்கரைத் தண்ணி குடிச்சா ஆரம்பம் ஈஸி, ஆனா உடம்பு வெயிட் ஏறலாம், அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. கனமான வெயிட் தூக்குறதெல்லாம் நீங்களா பண்ண வேணாம். யூரின் கோலா கலர்ல போனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, தசை சிதைஞ்சு கிட்னிய பாதிச்சிடும்.