ஃபுல் ஃபேஸா ஓபன் ஃபேஸா? ஸ்கைடைவிங் ஹெல்மெட் வாங்குறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

ஸ்கைடைவிங் கத்துக்க ஆரம்பிச்சவங்கள பாத்தீங்கன்னா ரிக் (முதுகுல மாட்டுற பாராசூட் பை) வாடகை, ஜம்ப்சூட் வாடகை, உயரம் காட்டுற ஆல்டிமீட்டர் கூட டிராப் ஸோன்ல (குதிக்கிற இடம்) இருந்து கடன், ஆனா தலைல மட்டும் பளபளன்னு சொந்தமா ஒரு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் இருக்கும், அதாவது மூஞ்சிய தாடை வரைக்கும் முழுசா மூடுறது. மூஞ்சிய மூடாம விடுறது ஓபன் ஃபேஸ். நானும் அந்த கேஸ்தான். துபாய்ல வேலை பாத்துக்கிட்டு லீவு நாள்ல போய் குதிக்க கத்துக்கிட்டப்ப, ஏழாவது ஜம்ப் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ஆர்டர் போட்டுட்டேன், கருப்பு விசர் (மூஞ்சிக்கு முன்னாடி தொறந்து மூடுற கண்ணாடி), மேட் பெயிண்ட், பாக்க ஃபைட்டர் பைலட் மாதிரி இருக்கும்னு ஒரு நெனப்பு.

ஹெல்மெட் வந்த அன்னிக்கு அங்க குதிக்கிற திருநெல்வேலி அண்ணன் ஒருத்தர் கிட்ட பெருமையா காட்டுனேன். அவர் நல்லாருக்கு நல்லால்லன்னு ஒண்ணும் சொல்லல. "ஏல, இத மாட்டு, ரிக்கையும் மாட்டு, பெல்ட்டெல்லாம் இறுக்கு"ன்னாரு. மாட்டுனேன். "இப்ப அந்த செவப்பு கைப்பிடி எங்க இருக்குன்னு பாரு பாப்போம்." குனிஞ்சேன். தெரிஞ்சது என் ஹெல்மெட்டோட தாடைப்பகுதிதான், அதுக்கு கீழ ஒண்ணுமே தெரியல. இன்னும் குனிஞ்சா தாடை நெஞ்சு பெல்ட்ல போய் முட்டுது. கடைசில உடம்ப ஒரு பக்கமா வளைச்சு, கழுத்த திருப்பி, ஓரக்கண்ணால பாத்துதான் கண்டுபுடிச்சேன். அவர் வாட்ச்ச பாத்துட்டு "அஞ்சு செகண்டு போச்சு தம்பி"ன்னாரு, அவ்ளோதான்.

அஞ்சு செகண்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். வயித்த கீழ வெச்சு விழுறப்ப மணிக்கு சுமாரா 190, 200 கிலோமீட்டர் வேகம், அதாவது ஒரு செகண்டுக்கு 170 அடிக்கு மேல. மெயின் பாராசூட் சுத்தமா வெளிய வரவே இல்லன்னா அஞ்சாறு செகண்ட்ல ஆயிரம் அடி காலி. அமெரிக்காவோட பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. சொல்ற கணக்குல ஸ்டூடண்ட்டும் ஏ லைசென்ஸ்காரங்களும் (முதல் கட்ட லைசென்ஸ்) 2,500 அடிக்குள்ள முடிவு பண்ணிடணும், மெயின வெச்சுக்கலாமா, வெட்டி விட்டுட்டு ரிசர்வுக்கு, அதாவது ரெண்டாவது பாராசூட்டுக்கு போலாமான்னு. வலது பக்கம் இருக்குற அந்த செவப்பு கைப்பிடிதான் மெயின வெட்டி விடுறது, இடது பக்கம் இருக்குறது ரிசர்வ். பாரு, புடி, இழுன்னு சொல்லித்தான் எல்லாருக்கும் கத்துக்குடுக்குறாங்க. அந்த "பாரு"ங்கறதுலதான் ஃபுல் ஃபேஸ் கை வெக்குது.

அதனால முதல் தப்பு, ரெண்டுல எது பாதுகாப்புன்னு கேக்குறதே. ரெண்டும் ஏதோ ஒண்ண மூடுது, ஏதோ ஒண்ண மறைக்குது, உங்க ஜம்ப்புக்கு எது முக்கியம்னுதான் பாக்கணும். ஸ்டூடண்ட்டா இருக்குறப்ப எதிர்ல பறக்குற இன்ஸ்ட்ரக்டர் உங்க மூஞ்சிய பாக்கணும், முழிச்சிக்கிட்டு இருக்கீங்களா மூச்சு விடுறீங்களான்னு அவருக்கு அதுலதான் தெரியும். பாராசூட் விரிஞ்சப்புறம் ரேடியோல லெஃப்ட் திரும்பு ரைட் திரும்புன்னு சொல்றது உங்க காதுக்கு விழணும். நிறைய டிராப் ஸோன்ல லைசென்ஸ் வாங்குற வரைக்கும் ஓபன் ஃபேஸ்தான்னு சொல்றது இதுக்குத்தான், உங்க கிட்ட பழைய ஹெல்மெட்ட தள்ளி விட்டு ஏமாத்துறதுக்கு இல்ல (நான் அப்டித்தான் நெனச்சேன்). ஏ லைசென்ஸுக்கே அமெரிக்கா கணக்குல 25 ஜம்ப் ஆகணும், அதுவரைக்கும் அவங்க குடுக்குற ஹெல்மெட்டே போதும். அந்த காசுக்கு இன்னும் ரெண்டு மூணு ஜம்ப் போடலாம்.

அதுக்காக ஃபுல் ஃபேஸ் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. நாலு பேர் சேர்ந்து கை புடிச்சு ஃபார்மேஷன் பண்றீங்கன்னா எதிராளி முட்டியோ குதிகாலோ உங்க வாய்ல வர்றது சகஜம், அங்க தாடைக்கு முன்னாடி ஒரு கவசம் இருக்குறது பல்ல காப்பாத்தும். விண்ட் டன்னல்ல (கீழ இருந்து காத்து அடிச்சு ஆள மெதக்க விடுற கூண்டு) அடிக்கடி பறக்குறவங்க முக்காவாசி பேர் ஃபுல் ஃபேஸ்தான், சத்தமும் கம்மி, கண்ணாடிலயும் வலைலயும் மூஞ்சி மோதுனாலும் பரவால்ல. தலைகீழா பறக்குறப்ப வேகம் 250ஐ தாண்டும், அப்ப கன்னம் படபடன்னு அடிக்காம இருக்குறதே ஒரு சொகம். ஆனா பாராசூட்ட விரிச்சு வெச்சு ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டு பறக்குற கேனபி ஃபார்மேஷன் பசங்கள பாருங்க, அவங்க ஓபன் ஃபேஸ விட மாட்டாங்க, ஏன்னா ஒருத்தருக்கொருத்தர் கத்தி பேசிக்கணும், கேக்கலன்னா துணியும் கயிறும் சிக்கிக்கும்.

அடுத்தது நம்ம ஊரு பசங்க எல்லாருக்கும் வர்ற தப்பு, பைக் ஹெல்மெட் கணக்கா யோசிக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பாத்து வாங்கி பழகுன ஆளுங்க நாம, ஹெல்மெட்டுன்னாலே டெஸ்ட் பண்ணிதான் விப்பாங்கன்னு நம்பிடுவோம். ஸ்கைடைவிங்ல ரொம்ப வருஷமா அப்டி தனியா ஒரு ஸ்டாண்டர்டே இல்லாம இருந்துச்சு. பாராகிளைடிங், ஹேங் கிளைடிங்குக்கு ஈ.என். 966னு ஐரோப்பால ஒண்ணு இருக்கு, ஸ்கைடைவிங்குக்குன்னே பிரான்ஸ்ல எக்ஸ்.பி. எஸ் 72-600னு ஒண்ணு பின்னாடி வந்துச்சு. ஆஸ்திரேலியா கம்பெனி குக்கியோட ஜி4 அந்த பிரெஞ்சு ஸ்டாண்டர்டுக்கு பாஸ் பண்ணது, அதுக்கு முந்துன ஜி3க்கு அப்டி எந்த ரேட்டிங்கும் இல்ல, ஆனா ஜி3 தான் உலகம் பூரா ஆயிரக்கணக்கான தலைல உக்காந்திருந்துச்சு. அதனால ஃபுல் ஃபேஸ்னாலே பலம்னு இல்ல. கார்பன் ஃபைபர்னு போட்டு மினுமினுக்குற சிலதுக்குள்ள கைய விட்டு பாருங்க, சும்மா மெல்லிசா பஞ்சுதான் இருக்கும். ஓடு கெட்டியா இருந்தா மட்டும் அடிய தாங்காது, உள்ள நசுங்குறதுக்கு ஏதாவது இருக்கணும். ரேட்டிங் இருக்குற ஓபன் ஃபேஸ், ரேட்டிங் இல்லாத ஃபுல் ஃபேஸ், ரெண்டையும் முன்னாடி வெச்சா தலை மோதுற அடிக்கு நான் முதலாவதத்தான் எடுப்பேன்.

இன்னொண்ணு, அடி எங்க படுதுன்னு யோசிங்க. வானத்துலதான்னு நெனப்போம். நான் பாத்த வரைக்கும் பாதி அடி பிளேன் கதவு ஓரத்துலதான், ஏறுறப்ப இறங்குறப்ப, அப்புறம் லேண்டிங்ல உருண்டு விழுறப்ப. இதுல சிலபேர் செலவு மிச்சம்னு பைக் ஹெல்மெட்டையே கொண்டாந்துடுவாங்க. அது ஒரு கிலோவ தாண்டி கனக்கும், பாராசூட் வெடுக்குன்னு விரியுறப்ப அவ்ளோ கனமும் கழுத்துக்குத்தான் வரும், போதாக்குறைக்கு அண்ணாந்து பாத்தா பின்பக்க ஓரம் ரிக்ல இடிச்சு தலைய தூக்க விடாது. ரோட்டுக்கு செஞ்சத ரோட்டுலயே போடுங்க.

பிளேன்ல ஏறுனதும் ஹெல்மெட்ட கழட்டி மடில வெச்சுக்கிட்டு கதை பேசுறதும் ஒரு தப்பு, இது ரெண்டு வகைக்கும் பொது. 1992 ஏப்ரல்ல கலிஃபோர்னியா பெர்ரிஸ்ல ஸ்கைடைவர்ஸ ஏத்திக்கிட்டு ஒரு ட்வின் ஆட்டர் பிளேன் கெளம்புன உடனே விழுந்து 16 பேர் போயிட்டாங்க, பிளேன்ல சீட் பெல்ட் போடுற விஷயத்த எல்லாரும் சீரியஸா எடுத்துக்கிட்டது அதுக்கப்புறம்தான். அந்த மாதிரி நேரத்துல கட்டாம கெடக்குற ஹெல்மெட் பக்கத்து ஆளு மண்டைக்கு கல்லு மாதிரி. 1,500 அடி தாண்டுற வரைக்கும் தலைல மாட்டி கிளிப் போட்டிருக்கணும், இல்ல எங்கயாவது கட்டியிருக்கணும்.

மாட்டுறதுன்னா விசரையும் மூடிக்கிறதுன்னு நெனச்சுடாதீங்க, அங்கதான் நான் அசிங்கப்பட்டேன். 13,000 அடில தரைய விட சுமாரா 25 டிகிரி குளிரா இருக்கும். எனக்கு ஃபுல் ஃபேஸோட ரெண்டாவது ஜம்ப், பயத்துல மூச்சு வேற புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது, ஸ்டைலா இருக்கட்டும்னு 9,000 அடிலயே விசர மூடிட்டேன். கதவு தொறந்தப்ப என் கண்ணுக்கு முன்னாடி இட்லி குண்டான் மூடி உள்பக்கம் இருக்குமே, அந்த மாதிரி ஒரே ஆவி. கைல கிளவ்ஸ், உள்ள துடைக்க முடியாது, பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க, நான் வெளிய ஆவி வழியா ஒரு வெள்ளை வெளிச்சத்த பாத்துக்கிட்டே கெளம்பிட்டேன், ஆல்டிமீட்டர் நம்பர் கண்ணுக்கு தெரிய ஏழெட்டு செகண்ட் ஆச்சு. அன்னிக்கு நான் குதிச்சிருக்கவே கூடாது, ஓரமா ஒதுங்கி அடுத்தவங்கள விட்டுட்டு விசர தொறந்து சரி பண்ணியிருக்கணும், தெளியலன்னா பிளேன்லயே கீழ வந்திருக்கணும். இப்பல்லாம் கதவு தொறக்குற வரைக்கும் விசர் மேலதான் இருக்கும், கடைசி நிமிஷம்தான் மூடுறது, மூடுனதும் டப்புன்னு லாக் ஆச்சான்னு தொட்டு பாக்குறது. லாக் சரியா விழலன்னா நடுவானத்துல விசர் பட்டுன்னு மேல தொறந்துக்கும், உள்ள கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னா 200 கிலோமீட்டர் காத்து நேரா கண்ணுல, தண்ணியா கொட்டும்.

கீழ வர்றப்பயும் ஒரு சிக்கல் இருக்கு. குளுந்து போன விசர் ஈரக்காத்துக்குள்ள வந்ததும் மறுபடி மங்கும், கடலோர ஊர்ல இது ஜாஸ்தி. பாராசூட் நல்லா விரிஞ்சிருக்கான்னு செக் பண்ணிட்டு உயரத்துலயே விசர தொறந்துடுங்க. 1,000 அடிக்கு கீழ வந்தப்புறம் ஞாபகம் வந்துச்சுன்னா நான் அத தொட மாட்டேன், ரெண்டு கையும் டாகிள்ல (பாராசூட்ட திருப்புற கைப்பிடி) இருக்க வேண்டிய நேரம் அது.

விசர துடைக்கிறதுல பண்ற கூத்த தனியா சொல்லணும். டீஷர்ட் நுனி, டிஷ்யூ பேப்பர், வீட்டு கண்ணாடி துடைக்கிற நீல தண்ணி, மூணும் வேணாம். உள்பக்கம் இருக்குற ஆன்டி ஃபாக் பூச்சு போயிடும், அப்புறம் ஒவ்வொரு ஜம்ப்பும் இட்லி குண்டான்தான். லேசா சோப்பு தண்ணி, மெத்துன்னு மைக்ரோஃபைபர், அவ்ளோதான். தலைக்கு தேங்காண்ணெய் வெச்சுக்கிட்டு வர்ற நம்மாளுங்களுக்கு ஒரு வேண்டுகோள், குதிக்கிற நாள் மட்டும் விட்டுடுங்க, அந்த எண்ணெய் உள் பேட்ல ஊறி வேர்வையோட சேர்ந்து வர்ற வாசனைக்கு உங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. நீள முடி இருக்குறவங்க பின்னி ஜம்ப்சூட்டுக்குள்ள விட்டுக்கோங்க, வெளிய தொங்க விடுறது எந்த ஹெல்மெட்டுலயும் ஆபத்து. கொண்டை போட்டு ஃபுல் ஃபேஸ் மாட்டுனா ஹெல்மெட் முன்னாடி தள்ளி புருவத்துல இறங்கும், அதனால கடைல போட்டு பாக்குறப்பவே குதிக்கிற மாதிரியே முடிய கட்டிக்கிட்டு பாருங்க.

சைஸ்ல எல்லாரும் ஒரு நம்பர் பெருசா எடுத்துடுவாங்க, கன்னத்த அமுக்குதுன்னு. அமுக்கத்தான் செய்யணும். பேட் நாள் ஆக ஆக நசுங்கி எளகிடும். கிளிப் போட்டு தலைய வேகமா ஆட்டுங்க, ஹெல்மெட் தனியா மூஞ்சி தனியா ஆடுச்சுன்னா அது உங்களுது இல்ல. மூக்குக்கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே போட்டு பாக்கணும், சில ஃபுல் ஃபேஸ்ல காம்பு உள்ள போகவே போகாது. ஓபன் ஃபேஸ்காரங்க பண்றது வேற தப்பு, ஹெல்மெட்டுக்கு காச கொட்டிட்டு காகில்ஸ் மட்டும் மலிவா வாங்குறது. உக்காந்த மாதிரி பறக்குறப்ப காத்து கீழ இருந்து வரும், லூசா இருந்தா காகில்ஸ் நெத்திக்கு ஏறிடும்.

டார்க் விசர் பத்தி, என்னோட கருப்பு விசர சாயங்காலம் குதிக்க கெளம்புற கடைசி பிளேன்ல போட்டுட்டு லேண்டிங் இடத்துல யார் எங்க வர்றாங்கன்னே தெரியாம இறங்குனேன். ஒண்ணுதான் வாங்க முடியும்னா கிளியர் வாங்குங்க.

காதுக்கு பக்கத்துல பாக்கெட்ல வெக்கிற ஆடிபிள் ஆல்டிமீட்டர் சத்தத்த ஹெல்மெட் மாத்துறப்ப மறுபடி செட் பண்ணணும், ஓபன் ஃபேஸ்ல காத்து இரைச்சல் அதிகம், அந்த பழைய சத்தம் பத்தாது. அந்த பீப் சத்தத்த மட்டும் நம்பி கைல இருக்குற ஆல்டிமீட்டர பாக்காம விடுறது ஹெல்மெட் தப்பே இல்ல, ஆள் தப்பு.

கோப்ரோ. வாங்குன மறுநாளே அத மேல ஒட்டிக்கிட்டு வருவாங்க. யு.எஸ்.பி.ஏ. 200 ஜம்ப் ஆகட்டும்னு சொல்றதுக்கு காரணம் ரெண்டு. ஒண்ணு, பாராசூட் கயிறு அதுல மாட்டிக்கிச்சுன்னா கழுத்தோட இழுக்கும். ரெண்டாவது, கேமரா ஆன்ல இருக்கான்னு யோசிக்கிற மூளை உயரத்த யோசிக்காது. ஃபுல் ஃபேஸ்ல தாடை முன்னாடி கேமரா வெச்சா அந்த செவப்பு கைப்பிடி தெரியுறதுக்கு இருந்த கொஞ்ச இடமும் போச்சு.

கைப்பிடி விஷயத்துக்கு என்ன பண்றதுன்னா, புது ஹெல்மெட்டோட ரிக்க மாட்டிக்கிட்டு தரைல நின்னு இருவது முப்பது தடவை தேடி பழகணும். தலைய மட்டும் குனியாம தோளையும் சேர்த்து வளைச்சா தெரியும். கை பெல்ட்டோட ஓரத்துலயே தடவி இறங்கி கைப்பிடிய தொடுற வழியும் கத்துக்கணும், எப்டின்னு உங்க இன்ஸ்ட்ரக்டர் கிட்டயே கேளுங்க, எழுத்துல படிச்சு வர்றது இல்ல அது.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்குறவங்களுக்கு, புது ஃபுல் ஃபேஸ் 400 டாலர தாண்டிடுறதால நிறைய பேர் அந்த பக்கம் போறாங்க, தப்பில்ல. பேட்ட கழட்டி உள்ள ஓட்டுல விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க, அடி வாங்குன ஹெல்மெட் வெளிய பெயிண்ட் அடிச்சு நல்லாத்தான் இருக்கும். விசர பத்து தடவை தொறந்து மூடி லாக் லூசான்னு பாருங்க. அப்புறம் அந்த மாடலுக்கு விசர் இன்னும் தனியா கெடைக்குதான்னு கேட்டுட்டு காச குடுங்க, நிறுத்திட்டாங்கன்னா அடுத்தவன் போட்ட கீறலோடயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.