ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு ஒரு கைப்பேசிக் கணக்கு

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை தேவையில்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பதால், வீணாகக்கூடியவை வண்ணப்பொடியும் சிமெண்டும் தண்ணீரும்தான். ஆகவே பட்டறை வைத்திருப்போர் கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலியைத் திறந்து, தேதி, பூ வடிவம், வார்த்த கற்கள், உடைந்த கற்கள், பொடியின் எடை என ஐந்தே பத்திகளில் நாள்தோறும் மாலையில் பதிந்து வரலாம். பொடியைக் கரண்டிக் கணக்கில் அள்ளாமல் மின்னணுத் தராசில் நிறுத்து, எடை தெரியும்படி ஒரு படமும் எடுத்து வைத்தால், ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்காரர் அதே பச்சையில் இன்னும் 50 கல் கேட்கும்போது, நிறம் பொருந்தவில்லை என்று வார்த்ததைக் கழிக்க நேராது. கைப்பழக்கம் உள்ள மூத்த தொழிலாளிக்குத் தராசு வேண்டியதில்லை என்பது உண்மைதான். அவர் வராத நாளுக்குத்தான் இது. பதிவுகளை வடிவம்வாரியாக வடிகட்டிப் பார்த்தால், எந்த அச்சில் உடைசல் அதிகம் என்பது தெரிந்துவிடும்.

நீர் இறைக்கும் 1 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய முக்கால் முதல் ஒரு யூனிட் வரை மின்சாரம் செலவாகும் என்பதால், தொட்டி நீரைத் தெளியவைத்து மறுபடி ஊறவைக்கவே பயன்படுத்தி, மோட்டார் ஓடிய நேரத்தை ஆறாவது பத்தியில் குறித்துக்கொள்ளலாம்.