உப்புக் காற்றும் இரட்டை ஹார்டு டிஸ்க்கும்

பாம்பன், மண்டபம் பக்கம் கடலை ஒட்டி அலுவலகம் வைத்திருப்பவர்களுக்குக் கணினி எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விசைப்படகுகளின் டீசல், ஐஸ், பங்குக் கணக்குகளை எழுதித் தரும் என் அறையில், எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் ஒரே நேரத்தில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பதிவாகும் மிரர் முறையைப் பயன்படுத்துகிறேன். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்தும் முறை) வரிசையில் இது முதலாம் நிலை.

இரண்டு 2 டெராபைட் டிஸ்க்குகளைச் சேர்த்தால் கிடைக்கும் இடம் 2 டெராபைட்தான். ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே வகையாக இரண்டையும் வாங்காமல், வேறு வேறு தயாரிப்பாகவோ சில வார இடைவெளியிலோ வாங்குவது நல்லது. ஒன்றாகப் பிறந்து ஒன்றாக உழைத்தவை ஏறத்தாழ ஒன்றாகவே பழுதாகக்கூடும். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகள், மாற்று டிஸ்க்கில் மிரரை மீண்டும் கட்டும்போது மிக மெதுவாக எழுதக்கூடும் என்பதால், தடங்கள் அப்படிப் படியாத சிஎம்ஆர் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குள் இருக்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பகுதியில் இரண்டு டிஸ்க்குகளையும் தேர்ந்தெடுத்து, 'டூ-வே மிரர்' என்பதைக் குறித்தால் போதும். அவற்றில் ஏற்கெனவே உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முன்கூட்டியே வேறிடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் நிறுவப்பட்ட டிஸ்க்கை இதில் சேர்க்க இயலாது. வேலைக் கோப்புகளை ஏற்றுவதற்கு முன், கணினியை அணைத்து ஒரு டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கி, சோதனைக் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாதவரிடம் இருப்பது மிரர் அன்று, மிரர் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுமே. மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு இரண்டிலுமே பாழாகலாம் என்பதால் யூபிஎஸ் கட்டாயம் தேவை.

மிரர் காப்பது டிஸ்க்கின் சாவிலிருந்து மட்டுமே. நம் கைத்தவறிலிருந்து அன்று. ஒரு மார்ச் மாத இறுதியில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில், ஒரு படகின் பேரேட்டுக் கோப்பின் மேல் இன்னொரு படகின் கோப்பைப் பதிந்துவிட்டேன். அந்தத் தவறும் அதே நொடியில் இரண்டு டிஸ்க்குகளிலும் பிசகின்றிப் பதிவாகியிருந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தாலும் இதே கதைதான். சனிக்கிழமைதோறும் வெளி டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி வைக்கும் பேக்கப்தான் அன்று என்னைக் காப்பாற்றியது.

ஆகவே வெளி டிஸ்க்குகள் இரண்டு வேண்டும். நகல் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அவை கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. ஒன்று அலுவலகத்தில் இருக்கும்போது மற்றொன்று பரமக்குடியிலோ மதுரையிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள், எல்லா நகலையும் கடலோரத்தில் ஒரே கூரையின் கீழ் வைக்க மாட்டார்கள். பேருந்தில் போகும் டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் வங்கி விவரங்கள் இருக்கும் என்பதால், அதைக் கடவுச்சொல்லால் பூட்டிக் குறியாக்கம் செய்துவிடுங்கள்.

உப்பு ஈரம் டிஸ்க்கின் சர்க்யூட் பலகையையும் இணைப்பு முனைகளையும் அரிக்கும். கணினியைக் கடல் பார்த்த சன்னலருகே வைக்காதீர்கள். வெளி டிஸ்க்கை ரப்பர் வளையம் உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடி வைக்கலாம் (கருவாடு வைத்திருந்த டப்பா வேண்டாம்). குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கையான இடத்துக்குக் கொண்டுபோன டிஸ்க்கின் மேல் நீர் கோக்கும். அது முற்றிலும் உலர்ந்த பிறகே இணைக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நலத்தைப் பாருங்கள். பழுதான பகுதிகளுக்கு மாற்று ஒதுக்கியதைக் காட்டும் எண்ணிக்கை மாதாமாதம் கூடினால், முழுவதும் நிற்கும்வரை காத்திராமல் டிஸ்க்கை மாற்றிவிடுவது உத்தமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் பராமரிப்புக்கு நிற்கும்போது எனக்கும் வேலை குறையும்; அந்த நாட்களில் இணைப்பு முனைகளைத் துடைத்துவிட்டு, ஊரிலிருந்து வரவழைத்த வெளி டிஸ்க்கிலிருந்து சென்ற ஆண்டுக் கணக்கு ஒன்றை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பார்க்கிறேன்.