ஜூலியா மோர்கனின் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதுவது எப்படி?

கலிபோர்னியாவில் 700-க்கும் மேற்பட்ட கட்டடங்களை வடிவமைத்த ஜூலியா மோர்கனைப் பற்றிக் கல்லூரி மலருக்கோ இதழுக்கோ எழுத முற்படுபவர்கள், ‘முதல் பெண்’ என்ற பட்டங்களை வரிசையாக அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. பட்டங்கள் பொய்யல்ல, ஆனால் அவர் கைதேர்ந்த தொழில் எது என்பதை அவை சொல்வதில்லை. எனவே முதலில் கட்டுரைக்கு ஒரு மையப் பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டைவிடப் பொருத்தமான மையம் இவருக்குக் கிடையாது என்பேன்.

பிறப்பும் படிப்பும் இரண்டு வாக்கியங்களில் முடியலாம்: 1872-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார், 1894-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் பட்டம் பெற்றார். பாரிசின் புகழ்பெற்ற நுண்கலைப் பள்ளியில் நுழைவுத் தேர்வில் தோற்று, மீண்டும் எழுதி, 1898-இல் கட்டடக்கலைப் பிரிவில் சேர்ந்த முதல் பெண்ணானதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். முப்பது வயதுக்கு மேல் அங்கே படிக்க முடியாது என்ற விதியையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கிருந்த நெருக்கடி வாசகருக்குப் புரியும்.

விரிவாக எழுத வேண்டிய இடம் ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் உள்ள மணிக்கூண்டு. 72 அடி உயரமுள்ள அதை, கலிபோர்னியாவில் கட்டடக் கலைஞர் உரிமம் பெற்ற 1904-ஆம் ஆண்டிலேயே கட்டி முடித்தார். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையில் விரிசல் விடும். உள்ளே ஓடும் எஃகுக் கம்பி அந்த இழுவிசையை ஏற்றுக்கொள்கிறது என்பதை இங்கேயே விளக்கிவிடுங்கள். அப்போதுதான், 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் அருகிலிருந்த சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் செங்கல் சுவர்கள் சரிந்தபோதும் மணிக்கூண்டு நின்றது அதிசயமாக அல்லாமல் கணக்காகத் தெரியும். (நகரத்தைப் பெரிதும் அழித்தது பின்தொடர்ந்த தீ என்பதைப் பலர் எழுத மறக்கிறார்கள்.) தீயில் உட்புறம் கருகிய ஃபேர்மாண்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் வேலை அவரிடம் வந்ததும், 1907-இல் அது திறக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சியாக வர வேண்டும்.

பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டுக்காக 1919 முதல் 1947 வரை சான் சிமியோன் குன்றின்மீது எழுப்பிய மாளிகைக்கு வரும்போது, அதிபரின் ஆடம்பரம் கட்டுரையை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பானியத் தேவாலயம்போலத் தோன்றும் இரட்டைக் கோபுரங்களுக்கு உள்ளே இருப்பதும் கம்பியும் கான்கிரீட்டும்தான். ஹெர்ஸ்டின் மனம் மாறியதால், அங்குள்ள நெப்டியூன் நீச்சல்குளம் 1924-க்கும் 1936-க்கும் இடையில் மூன்று முறை கட்டப்பட்டது. மோர்கன் வார இறுதிகளில் இரவு ரயிலேறித் தளத்துக்குப் போய்வந்தவர், தன்னைப் பற்றிய விளம்பரத்தை விரும்பாதவர். ஆகவே அவரது மனநிலையை ஊகிப்பதைவிட, சான் லூயி ஒபிஸ்போவின் கால் பாலி பல்கலைக்கழக நூலகம் பாதுகாக்கும் கடிதங்களையும் வரைபடங்களையும் பார்ப்பதே பயன் தரும்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கத்தைத் தொடக்க வரியில் வைக்க வேண்டாம். அவர் மறைந்தது 1957-இல். பதக்கம் அறிவிக்கப்பட்டது 2014-ஆம் ஆண்டுக்கு. இரண்டு ஆண்டுகளையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.