கொல்லைப்புறத்துப் பறவையையும் பகிரலாம்: இயற்கைப் படங்களைப் பகிரத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முருங்கை மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைப் படம் எடுத்திருப்பீர்கள். "தினமும் பார்ப்பதுதானே, இதை யார் பார்க்கப் போகிறார்கள்" என்று போனிலேயே விட்டுவைத்திருப்பீர்கள். நூல்களில் வெண்தலைச் சிலம்பன் என்று குறிக்கப்படும் இந்தப் பறவை, உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் வாழ்கிறது. டெல்லியில் இருக்கும் ஒரு பறவை ஆர்வலர் இதைப் பார்க்க ரயில் ஏறித்தான் வரவேண்டும். அதனால் தயங்காமல் பகிருங்கள். அந்தப் படத்துடன் இடம், நாள், அது செய்துகொண்டிருந்த காரியம் ஆகியவையும் சேர்ந்து போகவேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. ஓரளவு நல்ல போன் போதும்.

படி 1: நாளும் இடமும் பதிவாகட்டும்

போன் கேமராவின் அமைப்புகளில், இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதி இருக்கும். அதை இயக்கிவிடுங்கள். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் அதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதி பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். கேமராவில் இருப்பிட வசதி இல்லையென்றால், படம் எடுக்கும் இடத்தில் நின்று போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இடம் எது என்பதற்கு அந்தப் படமே குறிப்பாகிவிடும்.

படி 2: அடையாளம் தெரியும்படி எடுங்கள்

அதிகம் பழகவேண்டியது இந்தப் படியில்தான். அழகான படத்தில் அந்த உயிரின் அடையாளம் தெரியாமலே போகலாம். பகிரும் படத்துக்கு இரண்டும் வேண்டும்.

எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு நிறச் சிறகு. முன்சிறகின் நுனியில் கறுப்பும் வெள்ளையும். எருக்கம்பாலின் நச்சைப் புழுவாக இருக்கும்போதே உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இதைத் தின்னத் தயங்குகின்றன. அந்தப் பாதுகாப்புக்காகவே, வேறொரு பட்டாம்பூச்சி இனத்தின் பெண் இதே தோற்றத்தில் திரிகிறது. இரண்டையும் பிரித்தறியப் பின்சிறகைப் பார்க்கவேண்டும். வெந்தய வரியனின் பின்சிறகு நடுவில் மூன்று அல்லது நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அதைப் போல வேடமிடும் பெண்ணுக்கு மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு பெரிய புள்ளி. பூவில் அமர்ந்திருக்கும் கோணத்தில் முன்சிறகு மட்டும் தெளிவாக விழுந்த படத்தை வைத்து, எவ்வளவு அனுபவசாலியாலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. பட்டாம்பூச்சி என்றால் சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுங்கள்.

செடி என்றால் முழுச்செடி, இலை, பூ அல்லது காய். காளான் என்றால் குடையின் அடிப்புறம் அவசியம். பறவைக்குப் பக்கவாட்டுத் தோற்றம் நல்லது. அலகும் கண்ணும் வாலும் ஒரே படத்தில் கிடைக்கும். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். போனில் பூச்சியை எடுக்கும்போது திரையில் அதன் கண்ணைத் தொட்டுக் குவியப்படுத்துங்கள். வெள்ளைக் கொக்கு போன்ற பளிச்சென்ற உயிர்களுக்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் இறகின் விவரம் எல்லாம் வெள்ளையாக வெளுத்துவிடும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: படத்துக்காக உயிருக்குத் தொல்லை தரக்கூடாது. வயல்வெளியில் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், அதன் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் தரையிலேயே கிடக்கிறது என்று பொருள். காலடியைப் பார்த்தபடி வந்த வழியே திரும்பிவிடுங்கள். தையல்சிட்டின் கூட்டைப் படம் எடுக்க இலையை விலக்கினால், அந்தத் திறப்பு காக்கைக்கும் செம்போத்துக்கும் வழிகாட்டிவிடும். கூட்டுப் படம் கிடைக்காவிட்டால் போகட்டும்.

படி 3: சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

ஒரே பறவையின் இருபது படங்களை அனுப்பினால் பார்ப்பவர் அலுத்துவிடுவார். இரண்டு அல்லது மூன்று போதும்: தெளிவானது ஒன்று, வேறு கோணத்தில் ஒன்று, அது வாழும் சூழல் தெரியும்படி ஒன்று. ஓரங்களை வெட்டலாம், இருட்டாக இருந்தால் வெளிச்சம் கூட்டலாம். நிறத்தை மட்டும் மிகைப்படுத்தாதீர்கள். மங்கிய படத்தைத் தானாகக் கூர்மையாக்கித் தரும் செயலிகளையும் தவிர்த்துவிடுங்கள். அவை இல்லாத இறகுக் கோடுகளைத் தாமாகவே வரைந்து சேர்த்துவிடுகின்றன. அப்படி வந்த படத்தை நம்பிப் பெயர் சொல்ல முடியாது.

படி 4: நான்கு வரி எழுதுங்கள்

"இனிய காலை வணக்கம்" என்று படத்தின் மேல் பொறித்து அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, இப்படி எழுதிப் பாருங்கள்:

*வெந்தய வரியன். பள்ளிக்கரணை, சென்னை. ஜனவரி 12, காலை 9 மணி. சாலையோர எருக்கிலையின் அடிப்புறத்தில் ஒவ்வொரு முட்டையாக இட்டுக்கொண்டிருந்தது.*

கடைசி வரிதான் படத்துக்கு உயிர் கொடுக்கிறது. பார்ப்பவர் அடுத்த முறை எருக்கிலையைத் திருப்பிப் பார்ப்பார். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அளவு, குரல், உட்கார்ந்திருந்த இடம் ஆகியவற்றைச் சேர்த்தால் தெரிந்தவர்கள் உதவ முன்வருவார்கள்.

படி 5: எதை மறைக்கவேண்டும் என்று யோசியுங்கள்

நட்சத்திர ஆமை வளர்ப்புப் பிராணி வணிகத்துக்காகப் பெருமளவில் கடத்தப்படும் உயிர். தேவாங்கும் மூடநம்பிக்கையால் வேட்டையாடப்பட்டு வந்திருக்கிறது; அதன் பாதுகாப்புக்காகவே 2022இல் கடவூரில் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இவற்றைப் பார்த்தால் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆந்தைப் பொந்துக்கும் எந்தப் பறவையின் கூட்டுக்கும் இதே விதிதான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது, படத்துக்குள் பதிவான இருப்பிட விவரம் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் இருப்பிடமும் கூடவே போய்விடும். உங்கள் வீட்டு மாடியில் எடுத்த படத்துக்கும் இது பொருந்தும் என்பதை மறக்காதீர்கள்.

படி 6: ஐநேச்சுரலிஸ்ட்டில் பதிவேற்றுங்கள்

நண்பர்கள் குழுவில் பகிர்ந்த படம் ஒரே நாளில் மேலே போய் மறைந்துவிடும். அதனால், உயிர்களின் படங்களைப் பதிந்து மற்றவர்கள் உதவியோடு பெயர் கண்டறியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலும் சேர்த்துவிடுங்கள். 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது இது, கட்டணம் கிடையாது.

கணக்குத் தொடங்கி, புதிய பதிவுக்கான கூட்டல் குறியை அழுத்திப் படங்களைச் சேருங்கள். ஒரே உயிரின் படங்கள் அனைத்தும் ஒரே பதிவில் இருக்கவேண்டும். பக்கத்தில் இருந்த வேறு உயிருக்குத் தனிப் பதிவு. செயலியே சில பெயர்களைப் பரிந்துரைக்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் "பறவை", "தும்பி" என்ற பெரிய பிரிவோடு நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை. தொட்டிச் செடிக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் 'வளர்க்கப்படுவது' என்ற குறியை இடுங்கள். இருப்பிடத்துக்கு மூன்று தெரிவுகள் உண்டு: வெளிப்படை, மங்கலானது, தனிப்பட்டது. மங்கலானதைத் தேர்ந்தெடுத்தால், சுமார் 20 கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்று மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும்.

பெயர் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே இனப்பெயரை ஒப்புக்கொண்டால் (குறைந்தது இருவர் வேண்டும்), உங்கள் பதிவு ஆய்வுத்தரத்தை அடையும். ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிலை அது. பறவைகள் மட்டுமே உங்கள் ஆர்வம் என்றால், பறவைகளைப் பதிவதற்கான ஈபேர்ட் தளம் பொருத்தமானது. அதில் எத்தனை பறவைகள் என்ற எண்ணிக்கையும் பதிவாகும். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டால் நல்ல தொடக்கமாக இருக்கும்.

படி 7: மற்றவர் படங்களையும் பாருங்கள்

உங்கள் படத்தைப் போட்டுவிட்டு விலகிவிடாதீர்கள். பிறர் பகிர்ந்ததற்கு "அருமை" என்று மட்டும் எழுதாமல், படத்தில் கண்ட ஏதாவது ஒன்றைக் குறிப்பிடுங்கள்; அல்லது கேள்வி கேளுங்கள். நீங்கள் ஊதாத் தேன்சிட்டின் பெண் என்று பதிந்ததை ஒருவர் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு என்று திருத்தினால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். "தொண்டை வெளுத்திருக்கிறது, மார்பு மட்டும்தான் மஞ்சள், ஊதாத் தேன்சிட்டின் பெண்ணுக்குத் தொண்டையும் மஞ்சளாக இருக்கும்" என்று பதில் வரும். படத்தைப் பெரிதாக்கித் தொண்டையைப் பாருங்கள். அவர் சொன்னது சரியாக இருந்தால் பெயரை மாற்றி, அவருக்கு நன்றி எழுதுங்கள்.