பால் சேரலையா? காலண்டர் தாளில் கண்டுபிடிக்கும் முறை

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்து மாதப் பையன் பாதி ஏறுவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தான். வளைவைத் திட்டினோம். இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அபூர்வம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் சேலத்தில், வீட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே அதே வாந்தி. அத்தை "மாந்தம்மா இது" என்று உரை மருந்து தேடினார். இரண்டு நாளும் காலையில் ஊட்டியது பால் ஊற்றிய ராகிக் கூழ்.

1. எழுதுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். என் தாள் இப்படி இருந்தது:

8.10 – பால் ராகிக் கூழ், அரைக் கிண்ணம்
9.40 – வாந்தி
9.55 – மறுபடி வாந்தி, முகம் வெளிறல், துவண்டு தூக்கம்

பிஸ்கட், ரஸ்க்கையும் விடாதீர்கள். பால் பவுடர் அதில்தான் ஒளிந்திருக்கும்.

2. இடைவெளியைப் பாருங்கள். பாலின் புரதத்தை உடம்பு எதிரி என்று நினைத்துவிடுவதுதான் அலர்ஜி. சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் ஒரு வகை. ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து அடுக்கடுக்கான வாந்தி இன்னொரு வகை. இதில் தோலில் தடிப்பு எதுவும் தெரியாது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். குடலின் உள்சுவர் மெல்ல வீங்கும் வகையில் சளி கலந்த பேதி, மலத்தில் ரத்தக் கீற்று, எடை ஏறாமை எல்லாம் நாள்கணக்கில் வரும்.

3. மலத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் உடனே பதறவேண்டாம். எங்கள் வீட்டில் ஒருநாள் தாத்தா தட்டுவடை செட்டிலிருந்து பீட்ரூட் துருவலை ஊட்டியிருந்தார்! கீற்றாக, சளியோடு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

4. நிறுத்துங்கள், டாக்டரைக் கேட்டு. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். பசும்பாலுக்குப் பதில் எருமைப்பால், ஆட்டுப்பால் கொடுப்பது வீண். புரதம் ஏறக்குறைய அதேதான். லாக்டோஸ் இல்லாத பாலும் உதவாது. லாக்டோஸ் என்பது சர்க்கரை, நம் வம்பு புரதத்தோடு. நம்மூரில் சுலபமாகக் கிடைப்பது ஜவ்வரிசிக் கஞ்சி. வயிற்றுக்கு இதம், ஆனால் அது வெறும் மாவுச்சத்து. பாலின் இடத்தை அது நிரப்பாது. தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

5. திரும்பக் கொடுத்துப் பார்ப்பது டாக்டர் சொன்ன பிறகுதான். முன்பு குழந்தை துவண்டிருந்தால் வீட்டில் முயலவே கூடாது.

மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், கூப்பிட்டால் கண் திறக்காத சோர்வு இருந்தால் தாள் எழுத உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

எங்கள் பையனுக்கு இப்போது மூன்று வயது. போன மாதம் ஆஸ்பத்திரியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இன்னொரு டம்ளர் கேட்டான்.