விசுவாசம், கிரியை, ஞானஸ்நானம்: வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து டீ வரும் நேரத்தில்தான் இந்தப் பேச்சு தொடங்கும். மனிதன் கடவுள் முன் நீதிமானாவது விசுவாசத்தாலா, கிரியையாலா, அதாவது நற்செயலாலா? விசுவாசத்தால்தான், கிரியையால் அல்ல என்கிற ரோமர் 3:28-ஐ ஒருவர் எடுப்பார், விசுவாசத்தால் மட்டுமல்ல, கிரியையாலும்தான் என்கிற யாக்கோபு 2:24-ஐ இன்னொருவர் எடுப்பார். கடைசியில் இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

பெரிய தவறு, அந்த ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பது. ரோமரை எழுதிய பவுலுக்கு முன்னால் இருந்த கேள்வி, யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது. யாக்கோபின் முன்னால் நிற்பதோ உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாத ஒரு சகோதரன். அவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் சமாதானமாய்ப் போ என்று அனுப்புகிறவனைத்தான் அவர் கண்டிக்கிறார். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற ஆதியாகமம் 15:6-ஐத்தான் இருவருமே காட்டுகிறார்கள். பவுல் பார்ப்பது விருத்தசேதனத்துக்கு முந்தைய ஆபிரகாமை. யாக்கோபு பார்ப்பது ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த ஆபிரகாமை. இவர்கள் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு அப்படித் தோன்றியது. 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றே எழுதினார். ரோமர் 3:28-இல் ‘மட்டும்’ என்ற சொல்லை ஜெர்மனில் சேர்த்ததும் அவர்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசத்தினாலேயே’ என்று வரும் ஏகாரத்தையும் கவனியுங்கள். மூலத்தில் அதற்கென்று தனிச்சொல் இல்லை.

அப்புறம், ‘கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பை வாங்கப் பார்க்கிறார்கள்’ என்று சொல்லாதீர்கள். கிருபை இல்லாமல் தன் செயலால் மட்டும் ஒருவன் நீதிமானாக முடியும் என்பதை 1547-இலேயே கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் கண்டித்துவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா வேறுபாடும் அதோடு தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை.

ஞானஸ்நானத்தில் வாதம் ஒரே சொல்லில் வந்து நிற்கும். அப்போஸ்தலர் 2:38-இல் ‘பாவமன்னிப்புக்கென்று’ என்பது மன்னிப்பைப் பெறுவதற்காகவா, பெற்றுவிட்டதை முன்னிட்டா? முந்தையது கிறிஸ்துவின் சபையார் சொல்வது, பிந்தையது பாப்டிஸ்டுகளில் பலர் சொல்வது. இங்கே ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசு வாக்களிக்கப்பட்ட, சிலுவையில் தொங்கிய கள்வனைக் கொண்டுவந்தால் வாதம் முடிந்துவிடாது. ஞானஸ்நானக் கட்டளையே உயிர்த்தெழுதலுக்குப் பிறகு வந்ததுதானே என்பார்கள். அதை விரும்பியும் பெறாமல் இறந்தவருக்கு மீட்பு உண்டு என்று கத்தோலிக்கப் போதனையும் சொல்கிறது.

முழுக்கு எடுத்தவர்களை ‘மறுஞானஸ்நானக்காரர்’ என்று அழைக்க வேண்டாம். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றிருந்தும், சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1525-இல் பெரியவர்களாக எடுத்தவர்கள் அதையே தங்கள் முதல் ஞானஸ்நானம் என்றார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் வலிக்கும். ‘நீங்க எடுத்தது ஞானஸ்நானமே இல்லம்மா, தண்ணி தெளிச்சாங்க, அவ்வளவுதான்’ என்று மகன் சொல்லக் கேட்ட தாய் ஒருவரை எனக்குத் தெரியும். குழந்தையாக இருந்தபோது தனக்குக் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழை, மடிப்பு கிழிந்த பிறகும், அவர் வேதாகமத்துக்குள்தான் வைத்திருக்கிறார்.